ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தந்தால் பரிசு: இந்த அமெரிக்க விளம்பரங்களை வகுப்பில் எப்படிப் படிப்பது?

அந்தியூர் டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. அந்தியூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு அமெரிக்க விடுதலைப் போர் நடத்தி முடிக்கிற நேரம். 1776இல் 'மனிதர் எல்லோரும் சமமாகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள்' என்று எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், அதற்கு ஏழு வருடம் முன்னால் வெர்ஜீனியா கெஜட் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்திருக்கிறார். 1769 செப்டம்பர் 14ஆம் தேதி இதழ். தன்னிடமிருந்து ஓடிப்போன சாண்டி என்கிற அடிமையைப் பிடித்துத் தந்தால் பரிசு என்று விளம்பரம். அதைத் தமிழாக்கி வகுப்பில் வாசித்தேன். நான் எழுதிக்கொண்டு போனதன் சாரம் இது:

'சாண்டி என்ற பெயருடையவன். வயது சுமார் 35. குட்டையான ஆள், கொஞ்சம் பருத்த உடம்பு, வெளிர் நிறம். தொழில் செருப்பு தைப்பது. அதில் பெரும்பாலும் இடது கையைத்தான் பயன்படுத்துவான். முரட்டுத் தச்சு வேலையும் வரும். குதிரை ஓட்டுவதிலும் பழக்கம் உண்டு. குடிக்கு அடிமை, குடித்தால் திமிராக நடப்பான். பேச்சில் கெட்ட வார்த்தை அதிகம். தந்திரக்காரன். வண்டிக் கயிறு உராய்ந்த தழும்புகள் நிறைந்த ஒரு வெள்ளைக் குதிரையைக் கொண்டுபோயிருக்கிறான். செருப்பு தைக்கும் சாமான்களையும் எடுத்துப் போயிருக்கிறான். அந்த வேலை தேடிப் போவான் என்று தெரிகிறது. இந்த மாவட்டத்துக்குள் பிடித்தால் 40 ஷில்லிங், வெர்ஜீனியா காலனிக்குள் வேறெங்கே பிடித்தாலும் 4 பவுண்டு, வேறு காலனியில் பிடித்தால் 10 பவுண்டு.'

வாசித்து முடித்ததும் ஒரு பெண் எழுந்து, "அவரு கெடச்சுட்டாருங்களா டீச்சர்?" என்றாள். கிடைத்துவிட்டார் என்று சொன்னேன். 1773இல் ஜெஃபர்சன் அவரை 100 பவுண்டுக்கு விற்றுவிட்டார் என்றும் சொன்னேன். வகுப்பே அடங்கிப்போனது.

அப்புறம் மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன். அவனுடைய தாத்தா பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் செருப்பு தைக்கிறவர். எப்போதும் வாயே திறக்காத பையன் கேட்டான்: "வேலைச் சாமானை எடுத்துட்டுப் போனவரு எப்படி டீச்சர் கெட்டவராவாரு?"

எனக்குப் பதில் வரவில்லை. மணி அடித்தது, வந்துவிட்டேன். இரண்டு நாளாக அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. அடிமையை வைத்திருந்தவன் எழுதியதை அப்படியே என் வாயால் பிள்ளைகளுக்கு வாசித்தது தப்பா? அதில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம்? அடுத்த வாரம் திரும்பவும் அதே வகுப்பு. தெரிந்தவர்கள் சொல்லுங்க.

சூலூர்க்காரன்:

என் கருத்தைச் சொல்கிறேன், டீச்சர் கோபிக்க வேண்டாம். வாசித்திருக்கக் கூடாது. அது தேடப்பட்டவரைப் பற்றி அவருடைய எதிரி எழுதியது. பிள்ளைகள் கடைசியில் 'குடிகாரன், தந்திரக்காரன்' என்பதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அதிலும் செருப்புத் தொழிலையும் அந்த வசவையும் ஒன்றாகக் கேட்ட அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்? நம் ஊரில் அந்தத் தொழிலைச் சொல்லியே எத்தனை பேரைத் தள்ளி வைத்தோம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இன்னும் மோசமானவை இருக்கின்றன. பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜாக்சன் 1804இல் கொடுத்த விளம்பரத்தில், பிடித்துத் தந்தால் 50 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு நூறு சாட்டையடிக்கும் 10 டாலர் கூடுதல், முந்நூறு அடி வரை என்று இருக்கிறது. அடிப்பதற்கும் ரேட்டு. இதை எல்லாம் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வாசிக்க வேண்டுமா? சட்டத்தைச் சொல்லுங்கள், போரைச் சொல்லுங்கள், ஒழிப்பைச் சொல்லுங்கள். போதும்.

கோபி கம்பாசிட்டர்:

டீச்சரம்மா, நீங்க வாசித்தது தப்பில்லைங்க. ஆனால் சூலூர்த் தம்பி சொல்கிற பயமும் நியாயம். ஆகவே எப்படி வாசிக்கலாம் என்று என் தொழிலை வைத்துச் சொல்கிறேன்.

கோபியில் ஒரு அச்சகத்தில் 1974இல் கம்போசிங் வேலைக்குச் சேர்ந்தேன். ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டிக்கில் கோக்கிற வேலை. ஆஃப்செட் வந்து எங்கள் டிரெடில் அச்சு மிஷினை எடைக்குப் போடும்வரை அதுதான் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் நோம்பி நோட்டீஸ், காணவில்லை நோட்டீஸ் எல்லாம் இந்தக் கை கோத்ததுதான்.

ஒருநாள் பெருந்துறைப் பக்கத்து விவசாயி ஒருவர் களவு போன காளைக்கு நோட்டீஸ் அடிக்க வந்தார். மயிலைக் காளை, ஆறு பல், வலது கொம்பு நுனியில் வெட்டு, திமிலுக்குப் பின்னால் சுழி, இடது தொடையில் சூடு. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தைக்கு முன்னால் ஒட்டியாக வேண்டும் என்று அவசரப்படுத்தினார். ஒரு சொல் கூட அவர் சும்மா சொல்லவில்லை. காளைக்கு என்று எங்கள் டிராயரில் ஒரே ஒரு பிளாக்தான், அதாவது படம் அச்சடிக்கிற கட்டை. எந்த மாடு காணாமல் போனாலும் அதே படம்தான் மேலே நிற்கும். மாட்டைக் காட்டிக் கொடுப்பது படம் அல்ல, அந்தச் சுழியும் வெட்டும்தான்.

இந்த அமெரிக்க விளம்பரங்களை என் பேத்தி கம்ப்யூட்டரில் காட்டினாள். அங்கே கார்னெல் பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கில் திரட்டி வைத்திருக்கிறது. பொதுஜனங்களே உட்கார்ந்து அந்தப் பழைய அச்சைப் பார்த்துப் பார்த்து எழுதிச் சேர்க்கிறார்கள். பார்த்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது எழுத்து அல்ல, பிளாக்தான். தோளில் தடி, தடி முனையில் மூட்டை, ஒரு காலை முன்னால் வைத்து ஓடுகிற ஆள். கட்டைவிரல் அளவு. அடுத்த விளம்பரத்திலும் அதே ஆள். அதற்கடுத்த வாரமும் அவனே. பெண்ணுக்கு ஒரு பிளாக் தனியாக. அதே பத்தியில் வழிதவறிய குதிரைக்கும் ஒன்று. அந்த அச்சுக்காரனும் என்னைப் போலவே டிராயரை இழுத்து எடுத்திருக்கிறான் என்று தோன்றியதும் கை கொஞ்சம் நடுங்கிவிட்டது. நான் மாட்டுக்குச் செய்ததை அவன் மனுசனுக்குச் செய்திருக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காசு கொடுத்துத் தேடுகிறவன் அடையாளத்தில் பொய் சொல்ல மாட்டான். சொன்னால் ஆள் கிடைக்காது, கொடுத்த காசு தண்டம். அதனால் சாண்டி இடது கையால் தைத்தார் என்பது நிஜம். தச்சு வேலையும் தெரியும், குதிரையும் ஓட்டுவார் என்பது நிஜம். மூன்று தொழில் கைவசம் உள்ள மனிதர் அவர். சாமான்களைச் சுருட்டிக்கொண்டு, குதிரையும் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார் என்றால் அது கோபத்தில் எழுந்து ஓடின ஓட்டம் அல்ல, யோசித்துச் செய்த பயணம். போகிற ஊரில் உட்கார்ந்து பிழைக்கப் போகிறேன் என்று முடிவு செய்தவன்தான் வேலைச் சாமானை எடுப்பான். உங்கள் பையன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான்.

குணத்தைப் பற்றி எழுதியதுதான் வேறு. திமிர், தந்திரம் எல்லாம் தேடுகிறவனுடைய ஆத்திரம். ஆளைப் பிடிக்க அது உதவாது. பிள்ளைகள் கையில் இரண்டு பேனா கொடுங்கள். ஆளை அடையாளம் காட்டும் சொல்லுக்கு நீலக்கோடு, எசமானின் கோபத்துக்குச் சிவப்புக்கோடு. நீலக்கோடு போட்ட சொற்களை மட்டும் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே சாண்டி நிற்பார்.

இன்னும் ஒன்று. நூற்றுக்கணக்கான விளம்பரங்களில் 'எழுதப் படிக்கத் தெரியும், போலிச் சீட்டு எழுதி வைத்திருக்கக்கூடும்' என்று வரும். எசமானின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அடிமை வழியில் நடக்க முடியாது. அந்தச் சீட்டைத் தானே எழுதிக்கொண்டு போகிறவனை அவர்கள் தந்திரக்காரன் என்றார்கள். அதே விளம்பரங்களில் முதுகில் சாட்டைத் தழும்பு, கன்னத்தில் சூடு என்பதெல்லாம், நான் காளைத் தொடையில் சூடு என்று கோத்தேனே, அதே நிதானத்தில் வருகிறது. அந்தத் தழும்பைப் போட்டது யார் என்பது மட்டும் எழுதியிருக்காது.

எங்கள் தொழில்காரர் பெஞ்சமின் ஃபிராங்ளினையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். பாஸ்டனில் அண்ணனுடைய அச்சகத்தில் ஒப்பந்தப் பையனாக இருந்து, 1723இல் 17 வயதில் தானே ஓடிவந்தவர். பிறகு ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா கெஜட் நடத்தினார். ஓடிப்போன அடிமைகளைத் தேடும் விளம்பரங்களை அதில் காசு வாங்கிக்கொண்டு அச்சடித்தார். கடைசிக் காலத்தில், 1787இல், அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். மூன்றும் ஒரே ஆள். எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எழுத்துக் கோத்த கைக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

காவிரிக்கரைத் தறி:

இந்தப் பேச்சைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நான் குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறேன். பதினெட்டு வருடம். இங்கே முன்பணம் வாங்காமல் தறியில் ஏறுகிறவர் குறைவு. கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, பிள்ளை காதுகுத்துக்கு என்று வாங்குவது. அது குறையாது, ஏறிக்கொண்டே இருக்கும். இன்னொரு பட்டறைக்குப் போக வேண்டுமானால் புது ஓனர் பழைய ஓனரிடம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. என்னோடு ராத்திரி ஷிப்டு ஓட்டிய ஆள். 'முன்பணத்தோடு தலைமறைவு. யாரும் வேலை கொடுக்க வேண்டாம். தகவல் தருபவருக்குத் தக்க சன்மானம்.' படம் எங்கிருந்து எடுத்தது தெரியுமா? அவர் மகளின் பிறந்தநாள் படம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது. குழந்தையை வெட்டிவிட்டு அவரை மட்டும் போட்டிருந்தார்கள். தோள் ஓரத்தில் சின்னக் கை ஒன்று மட்டும் தெரிந்தது.

அதை நானும் பார்த்தேன், வேறு யாருக்கும் அனுப்பவில்லை, அவ்வளவுதான். ஒன்றும் பேசவில்லை. அதை இப்போது நினைத்தாலும் பொறுக்கவில்லை.

சூலூர்க்காரன்:

தறி அண்ணா, 1976இல் வந்த கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அந்த மாதிரிக் கடன் செல்லாது என்கிறது. கொத்தடிமையாக வைத்திருந்தால் அந்தக் கடனே ரத்து. திருப்பிக் கேட்பதுதான் குற்றம். அந்த நண்பருக்கு எப்படியாவது இதைத் தெரியப்படுத்துங்கள்.

கம்பாசிட்டர் ஐயா சொன்ன பிறகு என் பேச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அந்த இரண்டு பேனா யோசனை பிடித்திருக்கிறது. அதற்கு ஒரு முன்மாதிரியே இருக்கிறது. 1839இல் தியடோர் வெல்ட் என்பவரும், தெற்கில் அடிமை வைத்திருந்த குடும்பத்திலேயே பிறந்து அதை உதறிவிட்டு வந்த கிரிம்கே சகோதரிகளும் சேர்ந்து தெற்கத்திப் பத்திரிகைகளை ஆயிரக்கணக்கில் வாங்கிப் போட்டுக் கத்தரித்தார்கள். 'அடிமைகளை நாங்கள் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறோம்' என்று சொன்னவர்களுக்கு எதிராக அவர்களே கொடுத்த விளம்பரங்களை, அவர்கள் பெயரோடும் ஊரோடும் திருப்பி அச்சடித்தார்கள். தழும்பு, விலங்கு, வெட்டிய காது எல்லாம் எசமான்களின் சொந்த வாக்குமூலம்.

ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம் ஊர்ப் பண்ணையத்தையும் தறியையும் அமெரிக்க அடிமை முறையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. வெர்ஜீனியாவில் 1662லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. பிறக்காத குழந்தைக்கும் விலை. வடக்கே ஓடித் தப்பியவரையும் பிடித்துத் திருப்பி அனுப்ப நாடு முழுக்கச் செல்லும் சட்டம் 1793இல் ஒன்று, 1850இல் அதைவிடக் கொடியது ஒன்று. 1850 சட்டப்படி விசாரிக்கிற அதிகாரி ஆளைத் திருப்பி அனுப்பினால் அவருக்கு 10 டாலர், விட்டுவிட்டால் 5 டாலர். முழு அரசாங்கமே பின்னால் நின்று துரத்தியது.

அந்தியூர் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றிங்க. தறி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கம்பாசிட்டர் ஐயாவிடம் இன்னொன்று கேட்க வேண்டும். பெண்களைத் தேடும் விளம்பரம் ஒன்றும் வகுப்பில் வைக்கலாம் என்று பார்க்கிறேன். எதை எடுக்கலாம்? அப்புறம், ஏன் ஓடினார்கள் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். விளம்பரத்தில் அது இருக்குமா?

கோபி கம்பாசிட்டர்:

இரண்டு பெண்களைச் சொல்கிறேன் அம்மிணி. இருவரையும் சேர்த்தே வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலாவது ஓனா ஜட்ஜ். ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டில் அவர் மனைவிக்குப் பணிவிடை செய்தவர். நல்ல தையல்காரி. அப்போது தலைநகரம் ஃபிலடெல்ஃபியா. அந்த மாநிலச் சட்டப்படி ஆறு மாதம் தொடர்ந்து அங்கே குடியிருக்கும் வெளியூர் எசமானின் அடிமை விடுதலை கோரலாம். அதனால் வாஷிங்டன் ஆறு மாதம் முடிவதற்குள் தம் அடிமைகளை எல்லை தாண்டி அனுப்பி அனுப்பி வரவழைத்துக்கொண்டிருந்தார். 1796 மே மாதம் ஒருநாள் மாலை, வீட்டார் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த நேரத்தில் ஓனா வெளியே நடந்தார். வீட்டு மேலாளர் விளம்பரம் கொடுத்தார். பரிசு 10 டாலர். முகத்தில் நிறையப் புள்ளி, கருகருவென்ற கண், மெலிந்த உடம்பு, மாற்றுத் துணி நிறைய உண்டு என்று அடையாளம். கூடவே, அவள் போவாள் என்று யாரும் சந்தேகிக்கவே இல்லை, போகும்படி யாரும் எதுவும் செய்யவும் இல்லை, எங்கே போனாள் என்று ஊகிப்பதே கஷ்டம் என்று ஒரு வரி.

இரண்டாவது ஹேரியட் ஜேக்கப்ஸ். வட கரோலினாவில் ஈடன்டன் என்கிற ஊர். 1835இல் அவரைத் தேடி 100 டாலர் பரிசு. கொடுத்தவர் ஜேம்ஸ் நார்காம் என்கிற வைத்தியர். அதிலும் அதே வரி: தெரிந்த காரணம் எதுவும் இல்லாமல், யாரும் தூண்டாமல் ஓடிப்போனாள், வடக்கே போகத் திட்டமிட்டிருக்கலாம்.

இடையில் 39 வருடம். ஊர் வேறு, மாநிலம் வேறு. சொல் மட்டும் ஒன்றே: காரணம் இல்லை.

காரணம் என்ன தெரியுங்களா? ஓனாவைத் தம் பேத்திக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுப்பதாக மார்த்தா வாஷிங்டன் முடிவு செய்திருந்தார். ஹேரியட்டைச் சிறு வயதிலிருந்தே பாலியல் தொல்லை செய்து துரத்திய ஆளே அந்த நார்காம்தான். காரணத்தைத் தெரிந்தவனே காரணம் இல்லை என்று காசு கொடுத்து அச்சடிக்கிறான். முன்னே சொன்னேனே, அடையாளத்தில் பொய் சொல்ல மாட்டான் என்று. காரணத்தில் சொல்லுவான். பிள்ளைகளுக்கு அந்த வரியை எந்தப் பேனாவால் கோடு போடுவது என்று கேட்டுப் பாருங்கள்.

ஹேரியட் வடக்கே போகவில்லை. அதே ஊரில் பாட்டி வீட்டுக் கூரைக்கடியில், ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், உயர்ந்த இடத்திலேயே மூன்றடி உயரம் உள்ள பொந்தில் ஏறக்குறைய ஏழு வருடம் படுத்திருந்தார். நிமிர்ந்து நிற்க வழியில்லை. சிறு துளை போட்டுக்கொண்டு, தெருவில் தம் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தார். நியூயார்க்கிலிருந்து வந்த மாதிரித் தபால் முத்திரையோடு நார்காமுக்குக் கடிதம் போக வைத்தார். 1842இல்தான் வடக்கே கிளம்பினார். ஓனா கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். வாஷிங்டன் அங்கேயும் ஆள் விட்டுக் கேட்டுப் பார்த்தார், வரவில்லை. 1848இல் அங்கேயே இறந்தார். சாகும்வரை சட்டப்படி அடிமைதான். வயதான காலத்தில் ஒருவர், அவ்வளவு வசதியான வீட்டை விட்டு வந்து இப்படிக் கஷ்டப்படுகிறீர்களே, வருத்தமில்லையா என்று கேட்டதற்கு, இல்லை, நான் சுதந்திரமானவள் என்றார்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 'ஒரு காரணமும் இல்லாம போயிட்டான்' என்கிற சொல்லை நானே கேட்டு வளர்ந்தவன்.

என் அப்பா தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையாள். அக்கா சீருக்கு வாங்கிய 150 ரூபாய் முன்பணம். கூலி மாசத்துக்கு இத்தனை வள்ளம் கம்பு, வருசத்துக்கு ஒரு வேட்டி. பகலெல்லாம் மாடு பூட்டிக் கிணற்றில் கவலை ஏற்றம் ஓட்டிவிட்டு, ராத்திரி சாளை வாசலில் உட்கார்ந்து ஊருக்கே செருப்பு தைப்பார். 1963இல் எனக்கு ஆறு வயது. தோட்டத்துச் சொந்தக்காரரான பண்ணாடி ஒருநாள், கடன் கழிய வேண்டுமல்லவா, வர்ற சித்திரையிலிருந்து பையனை ஆடு மேய்க்க விட்டுவிடு என்றார். அப்பா சரிங்க சாமி என்று சொல்லிவிட்டு வந்தார். நான்கு நாள் கழித்து ராத்திரி, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ஊதியூர் மலையைச் சுற்றி, காங்கேயம் தாண்டி, பகலில் சோளக்காட்டில் படுத்து, மூன்றாம் நாள் கோபி வந்தோம். வாய்க்கால் பாசனம், நெல்லு, வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கொண்டு வந்தது ஒரு சட்டி, ஒரு போர்வை, ஒரு தோல் பையில் குத்தூசி, தோல் வெட்டும் உளி, மெழுகு நூல்.

பண்ணாடி நோட்டீஸ் அடிக்கவில்லை. அதற்குத் தேவையே இல்லை. சந்தையில் சொல்லி வைத்தார். 'ஒல்லியான ஆளு, வலது காதுல கடுக்கன், இடது கால் பெருவிரல்ல நகமில்ல, செருப்பு நல்லாத் தைப்பான்.' நாலு வருடம் கழித்து அந்தப் பக்கத்து மாமன் ஒருவர் வந்து இதைச் சொன்னார். கூடவே பண்ணாடி புலம்பியதையும் சொன்னார்: வேளா வேளைக்குச் சோறு போட்டேன், ஒரு குறை வெச்சேனா, காரணமே இல்லாம போயிட்டான். அப்பா தைத்துக்கொண்டிருந்த செருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காரணம் தோள்ல இருந்துது" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

சூலூர்த் தம்பி சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன். என் அப்பாவை யாரும் ஏலம் போடவில்லை. கோபி வந்ததும் எந்தப் போலீசும் எங்களைத் திருப்பிக் கூட்டிப் போகவில்லை. நான் பள்ளிக்கூடம் போனேன், ஈய எழுத்துப் படித்தேன். சாண்டிக்கு அது கிடையாது. பத்து பவுண்டுக்கு ஆசைப்பட்ட எவன் வேண்டுமானாலும் அவரைப் பிடிக்கலாம், பிடித்தார்கள், விற்றார்கள். அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் அந்தத் தோல் பை எனக்குத் தெரியும். அதை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ராத்திரி எப்படி இருக்கும் என்றும் தெரியும்.

அந்தியூர் டீச்சர்:

ஐயா, இன்று வகுப்பு முடிந்தது. இரண்டு பேனா கொடுத்துச் செய்யச் சொன்னேன். 'காரணம் இல்லாமல்' என்ற வரிக்கு எல்லோரும் சிவப்பு போட்டார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் நீலமும் போட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "இது ஓனாவுக்கு அடையாளம் இல்லீங்க டீச்சர், வாஷிங்டனுக்கு அடையாளம்" என்றாள். நான் சொல்லிக் கொடுத்ததல்ல.

மூன்றாவது பெஞ்சுப் பையன் நீலக்கோடு போட்டதை மட்டும் எழுந்து வாசித்தான். 'செருப்பு தைப்பவர். இடது கை. தச்சு வேலை தெரியும். குதிரை ஓட்டுவார். சாமான்களை எடுத்துப் போயிருக்கிறார்.' வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். எனக்குத் தெரியவில்லை, உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இடது கைக்காரருக்குத் தனிக் குத்தூசி வேண்டுமா? அவன் தாத்தா வலது கைக்காரர், அதனால் அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லையாம்.

கோபி கம்பாசிட்டர்:

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பரணிலிருந்து அப்பாவின் பையை இறக்கினேன். குத்தூசிப் பிடி புளியங்கட்டை. அவர் உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழவென்று கறுத்திருக்கிறது. இடது கையில் பிடித்து ஒரு பழைய தோலில் குத்திப் பார்த்தேன். ஊசி நேராக இறங்குகிறது. அதற்கு இடதும் வலதும் இல்லை. உளிதான் தகராறு. அப்பா வலது கைக்குத் தோதாக ஒரு பக்கமே தீட்டித் தீட்டி வைத்திருக்கிறார், இடது கையில் பிடித்தால் தோல் கோணலாக அறுகிறது. ஆகவே சாண்டி தன் உளியைத் தானே தனியாகத் தீட்டி வைத்திருந்திருக்க வேண்டும். வழியில் யாரிடமும் இரவல் வாங்க முடியாது. அதனால்தான் எடுத்துப் போயிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

பையனிடம் சொல்லுங்கள். வியாழக்கிழமை அத்தாணி வழியாக வருகிற பஸ்ஸில் பையோடு வருகிறேன். தாத்தாவையும் வரச் சொல்லுங்கள், உளியைப் பிடித்துப் பார்க்கட்டும்.